ஆடியில் ஏறி மார்கழியில் இறங்கிய குண்டு: முதலமடை ஒற்றைத் தோட்டா ரைஃபிள் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

2024 ஆடி மாதம் இரண்டாம் வாரத்தில், பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் முதலமடைக்குத் தெற்கே மலையடிவாரத்தில் தோப்பு வைத்திருக்கும் விவசாயி ஒருவர், தம் தந்தை காலத்து ஒற்றைத் தோட்டா ரைஃபிளைச் சாக்குத்துணியில் சுற்றி, உரிமப் புத்தகத்தோடு, நான் வேலை பார்க்கும் உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுநீக்கும் கடைக்குக் கொண்டுவந்தார். ராணுவத்தின் இயந்திரப் பராமரிப்புப் பிரிவான இ.எம்.இ.யில், துப்பாக்கிகளைப் பழுதுநீக்கும் ஆர்மரராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு இந்தக் கடையில்தான் இருக்கிறேன். அந்த ஒரு துப்பாக்கி ஒன்றரை ஆண்டுக் காலம் என் மேசைக்கு வந்து வந்து போயிற்று. அதில் நான் கண்டறிந்ததையும், முதல் சுற்றில் கண்டறியத் தவறியதையும் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

அவர் வேட்டைக்காரர் அல்லர். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991 திருத்தமும் வந்த பிறகு இந்த நாட்டில் வேட்டை என்று ஒன்று சட்டப்படி இல்லை. ஆனால் 2022 மே மாதம் கேரள அமைச்சரவை எடுத்த முடிவின்படி, பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரம் உள்ளாட்சித் தலைவர்களுக்கு வழங்கப்பட்டது. விஷம், வெடி, மின்சாரம் மூன்றும் கூடாது. உரிமம் உள்ள துப்பாக்கிதான் வேண்டும். அதனால் ஊருக்கு இரண்டு மூன்று பேர் பஞ்சாயத்துப் பட்டியலில் இருக்கிறார்கள். இவர் அவர்களில் ஒருவர். தம் மரவள்ளியைக் காப்பதற்காகப் பெயர் கொடுத்தவர், பிறகு அக்கம்பக்கத்துத் தோப்புக்காரர்கள் கூப்பிட்டாலும் உத்தரவுத் தாளோடு போய்வந்தார்.

அவர் சொன்ன குறை இது. ஆடி முதல் வாரம் ஒரு பன்றிக்கு வைத்த குண்டு முதுகுக்கு மேலே போய்விட்டது. அடுத்த கிழமை, மாந்தோப்பின் மறுகோடியில், ஏறத்தாழ 50 மீட்டரில் நின்ற ஒரு பெரிய ஆண் பன்றிக்கு நெஞ்சைக் குறிபார்த்துச் சுட்டதில் குண்டு பிடரியைக் கீறிக்கொண்டு போனது. காயம்பட்ட பன்றி பக்கத்துத் தோப்புக்குள் புகுந்து இரவெல்லாம் உறுமிக்கொண்டிருந்ததாகவும், இருட்டில் அதைத் தேடிப் போகவும் முடியாமல் விட்டுவிட்டுத் தூங்கவும் முடியாமல் விடியும்வரை வரப்பில் உட்கார்ந்திருந்ததாகவும் சொன்னார். “தம்பி, துப்பாக்கி சரியாத்தானுங்க இருக்குது, என்ற கண்ணுதான் மங்கிப்போச்சு. ஆனாலும் ஒருக்கா பாத்துச் சொல்லுங்க. இல்லீன்னா உரிமத்தத் திருப்பிக் குடுத்துப்போடறேன்” என்றார். அவர் குரலில் இருந்தது துப்பாக்கியைப் பற்றிய கவலை அல்ல என்பது எனக்குப் புரிந்தது.

துப்பாக்கியும் அதன் வரலாறும்

மார்ட்டினி வகைப் பூட்டு கொண்டது. விசைக்குப் பின்னால் உள்ள நெம்புகோலைக் கீழே தள்ளினால் அடைப்புக் கட்டையின் முன்பக்கம் தாழ்ந்து தோட்டா அறை திறக்கும். ஒரு தோட்டாவைக் கையால் வைத்து மூடிச் சுட வேண்டும். அமெரிக்கரான பீபாடி 1862இல் காப்புரிமை பெற்ற அமைப்பை மார்ட்டினி மாற்றியமைத்து, எடின்பரோவின் அலெக்சாண்டர் ஹென்றி வகுத்த குழலோடு சேர்த்து, 1871இல் பிரிட்டிஷ் படை ஏற்றுக்கொண்ட துப்பாக்கியின் வழித்தோன்றல் இது. நெல்லியாம்பதியில் இருந்து ஊர் திரும்பிய தோட்டத் துரை ஒருவரிடம் இவருடைய தந்தை வாங்கியிருக்கிறார். குழல் 66 செ.மீ.; அளவு .315. பொதுமக்கள் .303 வைத்துக்கொள்ள இந்த நாட்டில் தடை உண்டு என்பதால், விளிம்புள்ள பழைய 8 மி.மீ. மான்லிக்கர் தோட்டாவின் அளவே நம் ஊரில் .315 என்ற பெயரில் நிலைத்துவிட்டது. 244 கிரெயின், அதாவது 16 கிராமுக்குச் சற்றுக் குறைவான மென்முனைக் குண்டு. தோட்டாவைத் தானே நிரப்பிக்கொள்ள அவருக்கு அனுமதி இல்லை. வாங்கும் எண்ணிக்கையும் உரிமப் புத்தகத்தில் எழுதிய அளவுக்குள் அடங்க வேண்டும். ஆகவே மேல்நாட்டார் செய்வது போல மருந்தளவை மாற்றி மாற்றித் துப்பாக்கிக்கு எது ஒத்துவருகிறது என்று பார்க்கும் வழி இங்கே முற்றாக அடைபட்டிருந்தது. கிடைத்த தோட்டாவுக்குத் துப்பாக்கியைத்தான் ஒழுங்குபடுத்த வேண்டும்.

இன்னொன்றையும் அவர் போகிற போக்கில் சொன்னார். நான் அதை எழுதி வைத்துக்கொண்டேனே தவிர அதன் பொருளை அன்று உணரவில்லை. 2021இல் முன்கட்டையை, அதாவது குழலின் அடியில் கையால் தாங்கிப் பிடிக்கும் மரத்தை, கரையான் அரித்துவிட்டதால், ஊர் ஆசாரியிடம் கொடுத்துத் தேக்கில் புதிதாகச் செய்து போட்டிருக்கிறார். வேலை மிக அழகு. குழலுக்கும் மரத்துக்கும் நடுவே சிகரெட் தாள்கூட நுழையாதபடி, பெட்டிக்கு மூடி பொருத்துவது போலப் பொருத்தியிருந்தார் அந்த ஆசாரி.

முதல் சுற்று

அனுமதி பெற்ற சுடுதளத்தில், 50 மீட்டரில், மணல் மூட்டையின் மேல் முன்கட்டையை வைத்து, ஒரே பெட்டியில் இருந்து எடுத்த ஐந்து தோட்டாக்களை இரண்டு நிமிட இடைவெளியில் சுட்டேன். ஒவ்வொரு துளையையும் சுட்ட வரிசைப்படி எண்ணிட்டேன். முதல் குண்டு குறிக்கு 40 மி.மீ. மேலே, ஐந்தாவது 158 மி.மீ. மேலே. இடையிலுள்ள மூன்றும் படிக்கட்டு போல ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருந்தன. பக்கவாட்டில் விரிவு 34 மி.மீ. மட்டுமே. கண் மங்கிய மனிதரின் தவறு இப்படி வரிசை கட்டி ஏறாது என்பது அந்தத் தாளைப் பார்த்தவுடன் தெளிவாயிற்று. சுட்டவனும் நான்தான்.

கடையில் குழல் வாயைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது ஒரு குறை கண்ணில் பட்டது. மார்ட்டினிப் பூட்டில் பின்பக்கமிருந்து நேரான கம்பியைக் குழலுக்குள் செலுத்த வழியில்லை. அடைப்புக் கட்டை குறுக்கே நிற்கும். அதனால் தலைமுறை தலைமுறையாக இத்தகைய துப்பாக்கிகளை வாய்ப்பக்கமாகவே கம்பி விட்டுத் துடைக்கிறார்கள். அந்த இரும்புக் கம்பி உராய்ந்து உராய்ந்து, குழலின் உள்வரிகள் முடியும் விளிம்பு ஒரு பக்கம் மட்டும் தேய்ந்துபோகிறது. பஞ்சுக் குச்சியை உள்ளே விட்டு வெளியே இழுத்தேன். கீழ்ப்பக்கம் இரண்டு இடத்தில் பஞ்சு நூல் சிக்கியது. குண்டு குழலை விட்டு வெளியேறும் கடைசிக் கணத்தில், பின்னாலிருந்து தள்ளும் வாயு எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் வெளியேற வேண்டும். விளிம்பு ஒருபுறம் தேய்ந்திருந்தால் அந்தப் பக்கம் வாயு முந்திக்கொண்டு குண்டின் அடியைச் சாய்த்துவிடும்.

இதற்கு எளிய வழி குழல் நுனியில் மூன்று மில்லிமீட்டரைக் கடைசலில் வெட்டி எறிவது. ஆயுதச் சட்டத்தின் 6ஆம் பிரிவு குழலின் நீளத்தைக் குறைப்பதற்குத் தனி உரிமம் கேட்கிறது. ஆகவே அதைத் தொடவில்லை. உருண்டைத் தலைப் பித்தளைத் திருகாணியில் மென்மையான அரைப்பசையைத் தடவி, மெதுவாகச் சுழலும் கைத்துளைப்பானில் மாட்டி, கோணத்தை மாற்றிக்கொண்டே விளிம்பைத் தேய்த்தேன். குழலுக்குள் பசை இறங்காமல் துணிப் பந்தை முன்னதாகவே அடைத்திருந்தேன். விளிம்பைச் சுற்றி ஒரே அகலத்தில் பளபளப்பான வளையம் தெரியும்வரை செய்து நிறுத்தினேன். பஞ்சு அதன்பின் சிக்கவில்லை.

மறுநாள் மூன்று தோட்டா சுட்டேன். 28 மி.மீ. வட்டத்துக்குள் மூன்றும் விழுந்தன. குரூப்பிங், அதாவது குண்டுகள் நெருங்கி விழுவது, சரியாகிவிட்டது, ஆனால் மொத்தமும் 50 மி.மீ. மேலே நிற்கிறது, ஆகவே குழல் நுனியில் குறிபார்க்க வைத்த தகடான முன்குறியின் உயரம்தான் போதவில்லை என்று முடிவு செய்தேன். முன்குறிக்கும் பின்குறிக்கும் நடுவே 500 மி.மீ.; இலக்கு 50,000 மி.மீ. தொலைவில். 50ஐ நூறால் வகுத்தால் அரை மில்லிமீட்டர். முன்குறியை உயர்த்தினால் குண்டு இறங்கும் என்பதால், அரை மில்லிமீட்டர் உயரமான புதிய தகட்டைப் போட்டு, பழையதை ஒரு தீப்பெட்டியில் வைத்து அவரிடமே கொடுத்தனுப்பினேன்.

அந்த முடிவு தவறு. எங்கே தவறினேன் என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் இந்த வேலையில் பலரும் விழும் குழி அதுதான். முதல் நாள் இரண்டு நிமிட இடைவெளியில் ஐந்து சுட்டேன். இரண்டாம் நாள் மழை வந்து வந்து விட்டதால் பத்து நிமிடத்துக்கு ஒன்றாக மூன்று சுட்டேன். குழல் வாயைச் சரிசெய்ததும் குழல் ஆறுவதற்கு நேரம் கொடுத்ததும் இரண்டும் ஒரே சமயத்தில் நிகழ்ந்த மாற்றங்கள். பலன் எதனால் வந்தது என்று பிரித்தறியாமல் பெருமையை முழுக்க என் அரைப்பசைக்குக் கொடுத்துவிட்டேன். போதாததற்கு மூன்று துளையை வைத்து ஒரு துப்பாக்கியின் குணத்தைத் தீர்மானித்தேன். எண்ணிக்கை குறையக் குறைய விரிவு சிறிதாகத் தெரிவது இயல்பு. மூன்று குண்டு நெருங்கி விழுவது தற்செயலாகவும் நடக்கும்.

மார்கழி

டிசம்பர் கடைசியில் அவர் திரும்பி வந்தார். இம்முறை குண்டு பன்றியின் வயிற்றுக்குக் கீழே மண்ணில் போய்ப் புதைந்ததாகச் சொன்னார். தவிர, விடியற்காலையில் இரண்டு முறை விசையை இழுத்தும் தோட்டா வெடிக்கவில்லை.

வெடிக்காத காரணம் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. பூட்டுக்குள் இருக்கும் சுருள்வில்லுக்கும் ஊசிக்கும் அவர் தேங்காய் எண்ணெய் விட்டிருந்தார். தேங்காய் எண்ணெய் 24, 25 பாகை செல்சியசில் உறைந்துவிடும். மார்கழி அதிகாலையில் நம் வீட்டுச் சீசாவில் வெண்ணெய் போல நிற்பது அதனால்தான். உறைந்த எண்ணெயில் ஊசி மந்தமாகப் பாய்ந்து, தோட்டாவின் அடியை முழு வலுவோடு தட்டவில்லை. தட்டு வலு ஏறி இறங்கினால் மருந்து பற்றுவதும் ஏறி இறங்கும். வெடிக்கும் தோட்டாவிலும் அதன் விளைவு மேல்கீழ் விரிவாகத் தாளில் தெரியும். பூட்டை முழுவதும் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, பல ஆண்டாகப் பிசினாகிப் போயிருந்த பழைய எண்ணெயைச் சுரண்டி எடுத்து, துப்பாக்கிக்கென்று விற்கும் மெல்லிய எண்ணெயை ஒரு சொட்டு மட்டும் விட்டேன். இந்தச் சுத்தத்தாலேயே விசையின் இழுவை மூன்றரைக் கிலோவில் இருந்து இரண்டே முக்காலுக்கு இறங்கிற்று. கொக்கி முகங்களை அரத்தால் தொடவில்லை. இருட்டில் வரப்பேறி இறங்கும் மனிதரின் கையில் இருக்கும் துப்பாக்கிக்கு இதைவிட லேசான விசை தேவையும் இல்லை, பாதுகாப்பும் இல்லை.

குண்டு தாழ்வாகப் போனது தனிக் கேள்வி. ஆறிய குழலில் மூன்று நாள் தனித்தனியாகச் சுட்டதில் மூன்றும் குறிக்கு 50 முதல் 60 மி.மீ. கீழே விழுந்தன. அரை மில்லிமீட்டர் தகட்டுக் கணக்கு அப்படியே தலைகீழாகத் திரும்பி நின்றது. நான் ஆடியில் திருத்தியது, ஆடியில் மட்டுமே இருந்த ஒன்றை.

அப்போதுதான் அவருடைய டைரியைக் கேட்டு வாங்கினேன். உரிமம் புதுப்பிக்கும்போது கணக்குக் காட்ட வேண்டும் என்பதற்காக, சுட்ட ஒவ்வொரு தோட்டாவுக்கும் தேதி, இடம், பட்டதா பிழைத்ததா என்று பென்சிலில் எழுதி வைத்திருந்தார். முன்கட்டை மாற்றிய நாளுக்குப் பின் நான் முதன்முறை கைவைக்கும்வரை அதில் 14 பதிவுகள். மார்கழிக்கும் பங்குனிக்கும் இடையே ஆறு; ஆறும் பட்டவை. ஆனிக்கும் ஐப்பசிக்கும் இடையே எட்டு. அவற்றில் ஐந்துக்கு எதிரே ‘மேலே போச்சு’ என்று எழுதியிருந்தது. ஆண்டுதோறும் மாசியில் சுடுதளத்துக்குப் போய்க் குறி சரிபார்த்து வந்திருக்கிறார். மாசியில் எப்போதும் சரியாகவே இருந்திருக்கிறது. தன் கண்ணை மூன்று ஆண்டாகச் சந்தேகித்துக்கொண்டிருந்த மனிதர், விடையைத் தன் கையாலேயே எழுதி வைத்திருந்தார்.

பாலக்காட்டுக் கணவாய்க்காரர்களுக்கு இதன் மேல் விளக்கம் தேவையிராது. ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவமழை. வீட்டுக் கதவு நிலையில் இறுகிக்கொண்டு திறக்க மறுக்கும். மார்கழி, தையில் கணவாய் வழியாக வீசும் வறண்ட கீழைக்காற்று. அதே கதவு கடகடவென்று ஆடும். கதவுக்கு நடப்பதுதான் முன்கட்டைக்கும் நடந்திருக்கிறது. மரம் நீளவாக்கில் ஏறத்தாழ மாறுவதில்லை, குறுக்குவாட்டில் மாறும். மிகக் குறைவாகச் சுருங்கும் மரம் என்று பெயர் பெற்ற தேக்குகூட, பச்சையிலிருந்து முற்றக் காயும்போது வளையங்களின் போக்கில் 6 விழுக்காட்டுக்குச் சற்றே குறைவாகச் சுருங்குகிறது. ஆண்டுக்குள் அதன் ஈரப்பதம் 9 விழுக்காட்டில் இருந்து 15க்கு ஏறினால், 40 மி.மீ. அகல முன்கட்டையில் அது அரை மில்லிமீட்டர் அளவு உப்பும். அந்த அரை மில்லிமீட்டருக்கு இடமில்லாதபடி ஆசாரி பொருத்தியிருந்ததால், உப்பிய மரம் குழலை மேல்நோக்கித் தள்ளியது. இந்தக் குழலின் நீளத்துக்கு வாய் அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டி மேலெழுந்தால், 50 மீட்டரில் குண்டு ஐந்தாறு சென்டிமீட்டர் ஏறிவிடும். சுடச் சுடக் குழல் சூடேறி விரியும்போது அழுத்தம் இன்னும் கூடும். ஆடித் தாளில் நான் பார்த்த படிக்கட்டு அதுதான்.

ஈரச் சாக்குச் சோதனை

இது நல்ல விளக்கமாகத் தோன்றியது. முதல் சுற்றிலும் ஒரு நல்ல விளக்கம் என்னிடம் இருந்தது; ஆகவே இம்முறை நிரூபிக்காமல் மரத்தில் உளி வைப்பதில்லை என்று முடிவெடுத்தேன்.

முதலில் முன்கட்டையை முழுவதும் கழற்றிவிட்டு, பூட்டின் உடலை மணல் மூட்டை மேல் வைத்து, ஆடியில் செய்தது போலவே இரண்டு நிமிட இடைவெளியில் ஐந்து சுட்டேன். விரிவு 41 மி.மீ.; ஏறுமுகம் இல்லை. மையம் 52 மி.மீ. கீழே. குழல் தன்னளவில் சூட்டினால் அலைவதில்லை என்பது இதனால் உறுதிப்பட்டது. இந்த ஒரு சோதனையை ஆடியிலேயே செய்திருந்தால் அவருக்கு ஐந்து மாதம் மிச்சமாகியிருக்கும்.

அடுத்து, முன்கட்டையைத் துப்பாக்கியில் மாட்டி, குழலை எண்ணெய் பூசிப் பாதுகாத்து, கட்டையை மட்டும் நனைத்துப் பிழிந்த சணல் சாக்கில் சுற்றி மூன்று நாள் கடையின் இருட்டு மூலையில் வைத்தேன். மார்கழிக் காற்றில் குழலுக்கும் மரத்துக்கும் நடுவே தாராளமாக ஓடிக்கொண்டிருந்த தாள் துண்டு, நான்காம் நாள் நுனியில் இருந்து நான்கு விரற்கடை போவதற்குள் நின்றுவிட்டது. அதே முறையில் ஐந்து சுட்டேன். முதல் குண்டு ஏறத்தாழக் குறியிலேயே விழுந்தது. ஐந்தாவது 90 மி.மீ. மேலே. ஆடி மாதத்தை மார்கழியில் கடைக்குள் வரவழைத்தது போல இருந்தது.

மரம் எங்கே முட்டுகிறது என்று பார்க்க, மண்ணெண்ணெய் விளக்கின் புகைக்கரியை விளக்கெண்ணெயில் குழைத்துக் குழலின் அடியில் மெல்லிதாகத் தடவி, கட்டையை மாட்டி, விரலால் ஒரு தட்டுத் தட்டிக் கழற்றினேன். கட்டையில் குழல் உட்காரும் பள்ளத்தின் நுனியில், வலப்பக்கம் சற்றுக் கூடுதலாக, கட்டைவிரல் அகலத்துக்குக் கருப்புப் பதிந்திருந்தது. நடுவில் இன்னொரு சிறு புள்ளி. மற்ற இடமெல்லாம் வெறும் மரநிறம். அந்தப் பள்ளத்தின் உட்புறத்தில் எந்தப் பூச்சும் இல்லை. வெளிப்புறத்தைக் கண்ணாடி போல மெருகேற்றிய ஆசாரி, கண்ணுக்குத் தெரியாத உட்புறத்தைப் பச்சையாக விட்டிருந்தார். ஈரம் நுழைந்த வாசல் அது.

செய்த வேலை

பள்ளத்தைச் சுரண்டி அகலப்படுத்தினேன். உருளையான மரக்கோலில் உப்புத்தாளைச் சுற்றித் தேய்ப்பதும், கரி தடவிப் பார்ப்பதும், மறுபடி தேய்ப்பதுமாக இரண்டு நாள் ஆயிற்று. எவ்வளவு இடைவெளி போதும் என்பதற்கு ஒரு பழைய ஏ.டி.எம். அட்டையை அளவாக வைத்துக்கொண்டேன். அதன் கனம் முக்கால் மில்லிமீட்டர். ஈரச் சாக்கில் இருந்து எடுத்த நிலையிலும் அந்த அட்டை நுனியில் இருந்து பின்பகுதிவரை தடையின்றி ஓட வேண்டும் என்பதே நிபந்தனை.

பின்பகுதியில், பூட்டை ஒட்டிய ஐந்து செ.மீ. நீளத்தை மட்டும் குழலோடு ஒட்டி உட்காரும்படி விட்டேன். அங்கேயும் மரத்தை நம்பாமல், எப்பாக்சியால் ஒரு படுகை அமைத்தேன். தேக்கு எண்ணெய்ப் பசையுள்ள மரம். அசிட்டோனால் துடைத்து உடனே பூசாவிட்டால் எப்பாக்சி நாளடைவில் உரிந்துவிடும். குழலில் ஒட்டிக்கொள்ளாதிருக்க மெழுகுப் பாலிஷை இரண்டு முறை பூசியிருந்தேன். முன்கட்டையைக் குழலோடு பிணைக்கும் குறுக்குத் திருகாணியின் துளையையும் நீளவட்டமாக்கினேன். மரம் அசைந்தாலும் குழலை இழுக்காதிருக்க வேண்டும். பின்னர் பள்ளத்தின் உட்புறம், முனைகள், திருகாணித் துளை என்று மரம் தெரிந்த இடமெல்லாம் பாலியூரிதேன் வார்னிஷை மூன்று பூச்சுப் பூசினேன். ஆளி விதை எண்ணெய் பூசுவது பழைய வழக்கம். பார்வைக்கு அழகுதான், ஆனால் காற்றிலுள்ள ஈரத்தை அது பெரிதாகத் தடுப்பதில்லை.

குழலை மரத்திலிருந்து விடுவிப்பது எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தும் மருந்தல்ல என்பதையும் குறிப்பிட வேண்டும். மெல்லிய குழல் சிலவற்றுக்கு நுனியில் அளவான, மாறாத ஓர் அழுத்தம் நன்மை செய்கிறது. முன்கட்டை தனியாகவும் பின்கட்டை தனியாகவும் அமைந்த ஒற்றைத் தோட்டா ரைஃபிள்களில் இந்தக் கேள்வி எப்போதும் எழும். அமெரிக்காவில் 1960களில் அறிமுகமான ரூகர் நம்பர் ஒன் என்ற ரைஃபிள், பூட்டிலிருந்து நீளும் ஓர் இரும்புத் தாங்கியில் முன்கட்டையைத் தொங்கவிடுகிறது. அதன் உடைமையாளர்கள் அந்தத் தாங்கிக்கும் குழலுக்கும் நடுவே திருகாணி வைத்து அழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்ப்பது பரவலான வழக்கம். அழுத்தம் இருப்பதல்ல, அது பருவத்துக்குப் பருவம் மாறுவதே இங்கே நோய். மழைக்கும் காற்றுக்கும் இப்படி ஆடும் ஊரில் மாறாத அழுத்தத்தை மரத்தால் தர முடியாது என்பதால்தான் தொடாமல் விடுவதைத் தேர்ந்தேன்.

பின்கட்டையைப் பூட்டோடு பிணைக்கும் நீண்ட மரையாணி அடித்தகட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அது கீழைக்காற்றில் முக்கால் சுற்றுத் தளர்ந்திருந்தது, இறுக்கினேன். தீப்பெட்டியில் கிடந்த பழைய முன்குறித் தகட்டைத் திரும்ப மாட்டினேன்.

அவர் சுடும் விதத்தில் இரண்டு திருத்தம் மட்டும் சொன்னேன். மாங்கிளையிலோ வேலிக்காலிலோ சாய்க்கும்போது குழலை வைக்கக் கூடாது. முன்கட்டையை, அதுவும் பூட்டுக்கு அருகில், துண்டை மடித்து அதன் மேல் வைக்க வேண்டும். தோள்வாரைக் கையில் முறுக்கி இழுக்கக் கூடாது, ஏனெனில் வாரின் முன்வளையம் குழலிலேயே பொருத்தப்பட்டிருக்கிறது. கண்ணைப் பற்றி அவர் அஞ்சியதில் ஓரளவு உண்மையும் இருந்தது. படிக்கும் கண்ணாடியை அணிந்தால் முன்குறி தெளிந்து பன்றி மங்குகிறது, கழற்றினால் பன்றி தெளிந்து முன்குறி மங்குகிறது. கண் மருத்துவரிடம் முன்குறியின் தூரத்தை அளந்து சொல்லி அதற்கேற்ற கண்ணாடி வாங்கச் சொன்னேன். முன்குறியின் உருண்டை நுனியில் வெள்ளை எனாமல் ஒரு பொட்டு வைத்தேன்.

அளவீடு

வேலை முடிந்ததும், காய்ந்த நிலையில் இரண்டு நிமிட இடைவெளியில் ஐந்து குண்டு: விரிவு 38 மி.மீ., மையம் குறிக்கு 10 மி.மீ.க்குள். மறுபடி மூன்று நாள் ஈரச் சாக்கு. அதே ஐந்து குண்டு: விரிவு 44 மி.மீ., மையம் 12 மி.மீ. மேலே, ஏறுமுகம் இல்லை.

ஆயினும் இந்த எண்களை அவருக்கான விடையாக நான் கருதவில்லை. ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கிக்காரர் தோப்பில் ஐந்து குண்டு சுடுவதில்லை. மணிக்கணக்கில் குளிர்ந்து கிடந்த குழலில் இருந்து ஒரே குண்டு. அது பிழைத்தால் நெம்புகோலைத் தள்ளி அடுத்ததை வைப்பதற்குள் பன்றி போய்விடும். ஆகவே அவருடைய துப்பாக்கியின் துல்லியம் என்பது குளிர்ந்த குழலின் முதல் குண்டு மாதாமாதம் எங்கே விழுகிறது என்பதே. இதை அளக்க ஒரே ஒரு தாளை ஒதுக்கினேன். 2025 மாசியில் தொடங்கி ஐப்பசிவரை, மாதம் ஒரு முறை அவர் சுடுதளத்துக்கு வந்து, துடைத்து எண்ணெய் நீக்கிய குளிர்ந்த குழலில் ஒரே ஒரு தோட்டாவை அந்தத் தாளில் சுட்டுவிட்டுப் போவார். நான் துளையின் அருகே தேதி எழுதித் தாளை எடுத்து வைப்பேன். சுட்டவர் அவர், அவருடைய கண், அவருடைய கை, மடித்த துண்டு.

ஒன்பது துளைகள். எல்லாம் சேர்ந்து 57 மி.மீ. வட்டத்துக்குள் அடங்கின. ஒரு பன்றியின் நெஞ்சுக்கூட்டில் உயிர்நிலை ஏறத்தாழ 15 செ.மீ. அகலம். ஆடித் துளையை அவரே பென்சிலால் வட்டமிட்டார்; இரண்டு நாள் விடாமல் பெய்த மழையில் நனைந்துகொண்டு வந்து சுட்டது அது. மாசித் துளைக்கும் அதற்கும் நடுவே என் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தார். இரண்டு துளையையும் விரல் மறைத்தது.

இரண்டு ஆண்டிலும் சேர்த்து இதற்குச் செலவானவை 40 தோட்டாக்கள். எடுத்த மரத்தூள் ஒரு கைப்பிடிகூடத் தேறாது. அந்தத் தாளை இப்போது அவர் டைரியின் பின்னட்டையில் மடித்து வைத்திருக்கிறார். 2025 புரட்டாசியில் பஞ்சாயத்து உத்தரவோடு பக்கத்துத் தோப்புக்குப் போன இரவைப் பற்றி அதில் ஒரு வரி இருக்கிறது: ‘40 மீட்டர், ஒரு தோட்டா, நின்ற இடத்திலேயே.’